பவளமும் வைரமும்



டிக்கோயாவிலே பவளம் விளைவதில்லை, வைரமும் விளைவதில்லை. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ நாலாயிரம் அடி உயரத்தில் தேயிலை விளைகின்ற பள்ளத்தாக்கு அது. அங்கிருந்து சிறிது தொலைவில் உள்ள பொகவந்தலாவையின் ஆற்றுப் படுகைகளிலே மணிக்கற்கள் கிடைப்பதுண்டு. இரத்தினபுரியின் பெயரைச் சொன்னாலே போதும், விளக்கம் வேண்டியதில்லை. நவரத்தினங்கள் என்று நம் முன்னோர் வகுத்த ஒன்பதிலே மாணிக்கம், நீலம், புட்பராகம், கோமேதகம், வைடூரியம் ஆகிய ஐந்தும் இலங்கை மண்ணில் கிடைப்பவை. ஆறாவதாகிய முத்து மன்னார்க் கடலிலே பெயர் பெற்றது. எஞ்சியவை மூன்று: மரகதம், வைரம், பவளம். இம்மூன்றும் இத்தீவுக்கு எக்காலத்திலும் வெளியிலிருந்தே வந்திருக்கின்றன.

ஆயினும் மலைநாட்டின் பழைய குடும்பங்களிலே, பெரும்பாலும் பாட்டியாரின் தகரப்பெட்டியில் ஒரு துணி முடிச்சுக்குள், பவளமோ வைரமோ அல்லது இரண்டுமோ இருப்பதுண்டு. எல்லா வீடுகளிலும் வைரம் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. கொழுந்து பறித்த கைகளுக்கு வைரம் எட்டாத பொருள். தாலிக்கயிற்றிலே கோத்த இரண்டு பவளமணி, ஒரு சிறு மூக்குத்தி, மிஞ்சிப் போனால் ஒரு சோடி தோடு; அவ்வளவுதான். பெரிய கங்காணிமார், கணக்கப்பிள்ளைமார், கடை நடத்திய செட்டியார்கள், பிள்ளைகள் ஆகியோரின் வீடுகளில்தான் ஏழுகல் வைரத்தோடும், எட்டுக்கல் பேசரியும், பொன்மணி இடையிட்ட பவளமாலையும் இருந்தன. கங்காணியாரின் காதில் மின்னிய கடுக்கனைப் பற்றி முதியோர் இன்றும் சொல்வார்கள். சிறியதோ பெரியதோ, இப்பொருள்கள் எங்கிருந்து வந்தன, அவற்றின் மெய்யான மதிப்பு என்ன, அவற்றை எவ்வாறு அறிவது என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் பவளத்தைப் பார்ப்போம். அது கல்லா, செடியா, உயிரா என்ற ஐயம் உலக அறிஞரை நெடுங்காலம் அலைக்கழித்தது. கடலுக்கடியில் கிளைவிட்டு நிற்பதால் செடி என்றனர். வெளியே எடுத்தால் கடினமாயிருப்பதால் கல் என்றனர். 1720-களில் மார்சேல் நகரத்து மருத்துவராகிய பெய்சொனெல் என்பவர் பவளக் கிளைகளைக் கடல்நீர் நிறைந்த பாத்திரங்களில் இட்டுப் பார்த்தார். கிளையின் மேல் வெண்மையான சிறு பூக்கள் விரிந்தன. தொட்டால் அவை சுருங்கின. பூவன்று, அது வாயும் எட்டுக் கைகளும் உடைய ஒரு சிற்றுயிர் என்று அவர் அறிவித்தார். பிரெஞ்சு நாட்டு அறிஞர் சபையோ அதனை எளிதில் ஏற்கவில்லை. பின்னர் அவர் சொன்னதே உண்மையென்று தெளிவாயிற்று. ஆயிரக்கணக்கான இச்சிற்றுயிர்கள் கூடிவாழ்ந்து, தம்முள்ளே கட்டுகின்ற சுண்ணாம்புத் தண்டுதான் நாம் அணியும் செம்பவளம்.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். இக்கடுவையிலும் நமது ஏனைய கரைகளிலும் உள்ள பவளப்பாறைகள் வேறு. அணிகலனாகும் செம்பவளம் வேறு. நம் கரைப் பாறைகளை வெட்டி எடுத்துச் சூளையில் இட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். அதனால் கரையைக் கடல் அரித்தது. அணிப்பவளமோ மத்தியதரைக் கடலின் ஆழத்திலே, ஒளி குறைந்த பாறைக் குகைகளில் வளர்வது. அதன் தண்டு ஆண்டொன்றுக்கு ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரைதான் பருக்கும். பத்து மில்லிமீட்டர் பருமனுள்ள ஒரு மணியைக் கடைய வேண்டுமானால், முப்பது நாற்பது ஆண்டு வளர்ந்த தண்டு வேண்டும். ஒரு மாலையிலே அத்தகைய மணிகள் எத்தனை என்பதை நேயர்கள் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பவளம் தமிழகத்திற்கு வந்த வரலாறு மிகத் தொன்மையானது. கிறித்து பிறந்த முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட கிரேக்க மாலுமியின் கையேடு, முசிறியிலே இறக்குமதியான பொருள்களின் வரிசையில் பவளத்தையும் சேர்க்கின்றது. அதே நூற்றாண்டில் வாழ்ந்த உரோம அறிஞர் பிளினி, நம்மவர் முத்தை மதிப்பது போல இந்தியர் பவளத்தை மதிக்கின்றனர் என்று எழுதியதோடு, முன்பு கால் நாட்டார் வாளிலும் தலைக்கவசத்திலும் பதித்து வந்த பவளம், இந்தியாவுக்கு ஏற்றுமதியாவதால் அங்கேயே அரிதாகிவிட்டது என்றும் குறைப்பட்டுக்கொள்கிறார். நம் பட்டினப்பாலையோ தென்கடலின் முத்தோடு கீழ்க்கடலின் பவளத்தையும் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவிலே காட்டுகிறது. துகிர் என்பது அதற்குப் பழந்தமிழ்ப் பெயர். புறநானூற்றிலே, கோப்பெருஞ்சோழனோடு உயிர் துறக்க வந்த பிசிராந்தையாரைக் கண்ட கண்ணகனார் என்னும் புலவர், பிறந்த இடங்கள் தொலைவானாலும் ஓர் அணிகலனில் வந்து கூடுகின்ற பொன், பவளம், முத்து, மணி ஆகியவற்றைச் சான்றோரின் கூட்டத்திற்கு உவமையாக்கினார். உவமை அழகானது, அது வணிகச் செய்தியும் ஆகும். தொலைநாட்டுப் பொருள் ஒரே மாலையில் சேர்வதைத் தமிழர் நாள்தோறும் கண்டிருந்தாலன்றி அந்த உவமை பிறந்திராது.

பவளமும் வைரமும் ஒன்றற்கு ஒன்று மாற்றாக ஓடிய காலம் பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகள். இந்தப் பகுதியைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அக்காலத்திலே உலகத்து வைரமெல்லாம் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே சென்றது. கோல்கொண்டா நாட்டில் கிருஷ்ணையாற்றங்கரையில் இருந்த கொல்லூர்ச் சுரங்கத்தைக் கண்ட பிரெஞ்சு வணிகர் தவர்னியே, அங்கே அறுபதினாயிரம் பேர் வேலை செய்தனர் என்று எழுதியிருக்கிறார். ஐரோப்பிய வணிகருக்கு அந்த வைரம் வேண்டும். ஆனால் இந்திய வணிகர் அவர்களிடமிருந்து விரும்பி வாங்கும் பொருள் மிகச் சில. வெள்ளியை வாரி இறைக்க வேண்டியிருந்தது. வெள்ளிக்கு அடுத்தபடி இங்கே தட்டின்றி விலைபோன பொருள்களில் பவளம் முதன்மையானது.

இத்தாலியிலே லிவோர்னோ என்னும் துறைமுகத்தில் வாழ்ந்த யூத வணிகர்கள் பவளத்தைக் கடைந்து மணியாக்கித் தரம் பிரித்தனர். அது இலண்டனுக்குச் சென்று, கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலேறி, சென்னைப்பட்டினத்துப் புனித ஜார்ஜ் கோட்டையில் இறங்கியது. பவளம் விற்ற பணத்தில் பட்டை தீட்டாத வைரம் வாங்கப்பட்டு, அதே வழியில் திரும்பிச் சென்றது. சில யூத வணிகர் சென்னையிலேயே குடியேறினர். 1688-இல் சென்னை மாநகராட்சி அமைந்தபோது அதன் ஆல்டர்மேன்களில் அவர்களும் இடம்பெற்றனர். சென்னை ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு என்று ஒரு தெரு இன்றும் இருக்கிறது. அந்த வணிகத்தின் பெயர்தான் அது. கடிதம் ஒன்று போய்ச் சேர ஆறு மாதத்திற்கு மேலாகும் காலத்திலே, ஒருவரை ஒருவர் காணாத கிறித்தவரும் யூதரும் இந்துக்களும் நம்பிக்கையை முதலாக்கி இந்த வணிகத்தை நடத்தினர் என்பதுதான் எனக்கு வியப்பு.

பின்னர் நிலைமை மாறியது. 1720-களில் பிரேசிலிலும், 1867-இல் தென்னாபிரிக்காவிலும் வைரம் கண்டெடுக்கப்பட்டது. கோல்கொண்டாச் சுரங்கங்கள் வறண்டன. வைரம் ஏற்றுமதி செய்த நாடு வைரம் இறக்குமதி செய்யும் நாடாயிற்று. நம் பாட்டிமார் பெருமையோடு சொல்லும் 'புளூ ஜாகர்' என்ற பெயர் இதற்குச் சான்று. அது தென்னாபிரிக்காவின் யாகர்ஸ்பொன்டெயின் என்னும் சுரங்கத்தின் பெயர் தேய்ந்து வந்த சொல். 1870-இல் தொடங்கிய அச்சுரங்கத்துக் கற்களில் மெல்லிய நீலச்சாயல் இருந்தது. தோட்டில் நடுவே ஒன்றும் சுற்றிலும் ஆறுமாகப் பதித்த ஏழு கற்களும் புளூ ஜாகராக இருந்தால் அந்த வீட்டின் மதிப்பே தனி.

டிக்கோயாப் பகுதியிலே காடு வெட்டிக் காப்பி பயிரிடப்பட்டதும் ஏறக்குறைய அதே காலந்தான். 1869-இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1884-இல் புகையிரதப் பாதை அட்டனை எட்டியது. தமிழகத்திலிருந்து வந்த மக்களுக்குத் தோட்டத்திலே காணி இல்லை. லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் அறையும் போய்விடும். இத்தகைய வாழ்விலே சேமிப்பு என்பது உடம்போடு எடுத்துச் செல்லக்கூடிய பொருளாகவே இருக்க முடியும். நகையை வீண் ஆடம்பரம் என்று கடிந்து எழுதிய துரைமார் பலர். காணி உறுதியும் வங்கிக் கணக்கும் உடையவருக்கு அது ஆடம்பரமாகத் தோன்றுவது இயல்பே. இல்லாதவருக்கு அதுதான் காணி உறுதி.

1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட புகையிரதத்தை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள். குடும்பங்கள் பிரிந்தபோது பாத்திரம் பண்டங்களோடு நகைகளும் பிரிந்தன. ஒரு சோடித் தோட்டில் ஒன்று அக்காளோடு கடல் கடந்தது, மற்றொன்று தங்கையோடு இங்கே தங்கியது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். வேறு பல நகைகள் அவசரத்தில் விலையாயின.

அந்த அவசர விற்பனையில் நேர்ந்த இழப்பு இன்றும் நேர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே அதனைச் சொல்ல வேண்டும். அடகு பிடிப்பவரும் பழைய நகை வாங்குபவரும் பொன்னை மட்டுமே நிறுப்பார்கள். கல்லின் எடை, மெழுகின் எடை, உள்ளே நிரப்பிய அரக்கின் எடை எல்லாம் கழிக்கப்படும். பவுண் கணக்கு முடிந்ததும், கழற்றிய பவளமும் கல்லும் தராசின் ஓரத்தில் கிடக்கும். அவற்றைக் கேட்டு வாங்காமல் வந்துவிடுவோர் பலர். இதில் வணிகரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பொன்னுக்குக் கடன் தருபவர் பொன்னைத்தான் நிறுப்பார். கல்லைப் பற்றிக் கேட்க வேண்டியவர் உடையவரே. கேட்பதற்குச் சிறிது அறிவு வேண்டும்.

வைரத்தைப் பற்றிய அறிவில், இலங்கையிலே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது மாத்தறை வைரம். பெயரிலேதான் வைரம், பொருளிலே அது சிர்க்கோன் என்னும் வேறொரு கல். தென்மாகாணத்து மாத்தறைப் பகுதியில் கிடைத்த நிறமற்ற சிர்க்கோன்களுக்கு வணிகர் இட்ட பெயர் அது. மங்கிய நிறமுள்ள கற்களைச் சூடேற்றி நிறம் போக்குவதும் உண்டு. அதன் ஒளிச்சிதறல் வைரத்திற்கு மிக அருகில் நிற்பதால், கற்றறிந்தவரும் ஏமாறுவர். ஆனால் வைரத்தில் இல்லாத ஓர் இயல்பு அதற்கு உண்டு. ஒளி அதனுள்ளே இரண்டாகப் பிரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியைக் கொண்டு, கல்லின் மேல்முகத்தின் வழியே சற்றுச் சாய்வாக உள்ளே பார்த்தால், பின்புறப் பட்டைகளின் விளிம்புகள் இரட்டைக் கோடுகளாகத் தெரியும். வைரத்தில் அவை ஒற்றையாகவே தெரியும். மேலும், சிர்க்கோன் நொய்ந்த கல். பல கற்களை ஒரே தாளில் மடித்து வைத்தால், ஒன்றோடொன்று உரசியே விளிம்பு சிதையும். ஆகவே பழைய தோட்டில் பட்டை விளிம்புகள் தேய்ந்திருந்தால் ஐயங்கொள்ளலாம். அது வைரமன்று என்று தெரிந்தாலும் எறிந்துவிட வேண்டியதில்லை. நல்ல மாத்தறைக் கல் தன்னளவிலே அழகிய இரத்தினம். இன்று கடைகளில் 'அமெரிக்க வைரம்' என்று விற்கப்படுவது, 1970-களில் சந்தைக்கு வந்த செயற்கைப் பொருள். பெயர் ஒத்திருப்பினும் சிர்க்கோனும் அதுவும் வேறு வேறு பொருள்கள்.

பழைய வைரம் இன்றைய வைரத்தைப் போல் மின்னாது. அதனால் அது மட்டமானது என்று கருதுவது தவறு. பழங்காலத்தார் கல்லின் எடை குறையாதபடி சில பட்டைகளே தீட்டினர். அடிப்புறம் தட்டையாகவே விடப்பட்ட கற்களும் உண்டு. அத்தகைய கல்லின் அடியை மூடி, மெல்லிய தகடு வைத்துக் கட்டுவார்கள். தகடு ஒளியைத் திருப்பி அனுப்பும். விளக்கொளிக்கு ஏற்ற வேலை அது. அடியை மூடிக் கட்டிய நகைக்குள் ஈரம் புகுந்தால் தகடு கறுத்துக் கல் மங்கிவிடும். மூடுபனியும் மழையும் நிறைந்த டிக்கோயா போன்ற ஊரிலே இது அடிக்கடி நேர்கிறது. கல் கெட்டுவிட்டது என்று எண்ணி விற்றுவிடுவார்கள், கெட்டது தகடே. தேர்ந்த பத்தரிடம் கொடுத்துத் தகட்டை மாற்றினால் கல் பழைய ஒளி பெறும். வைரம் உடையாதது என்பதும் தவறான எண்ணம். கீறலுக்கு அது அஞ்சாது. ஆனால் அடித்தால் பிளந்துவிடும். சுத்தியலால் அடித்துச் சோதிப்பவர் நல்ல வைரத்தையும் இழப்பார்.

பவளத்திற்கு வருவோம். மெய்ப்பவளத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், மரத்தின் நார் போல மிக நுண்ணிய இணைகோடுகள் நீளவாக்கில் ஓடுவது தெரியும். கண்ணாடி மணியில் குமிழிகள் இருக்கும். பிளாஸ்டிக்கில் வார்ப்பின் விளிம்பு தெரியும். மலிவான கடற்பவளத்துக்குச் சாயம் ஏற்றுவதும் உண்டு. துளையின் வாயில் சாயம் திரண்டிருப்பதைக் கண்டு அதனை அறியலாம். மணியின் குறுக்கே வெண்ணிற நடுப்பகுதி காணப்பட்டால், அது ஜப்பானியக் கடற்பவளமாயிருக்கக்கூடும். மத்தியதரைப் பவளம் உட்புறமும் ஒரே சிவப்பு. பழைய மாலையில் மணிகள் ஒரே அளவாக இராமல், துளையும் சற்றுக் கோணலாக இருந்தால் முகஞ்சுளிக்க வேண்டாம். கையால் கடைந்ததன் அடையாளம் அது.

பவளத்தின் பெரும் பகை நம் வீட்டுப் புளி. பொன்னகையைப் புளிநீரில் ஊறவைத்துத் துலக்குவது நம் வழக்கம். பொன்னுக்கு அது நல்லது. பவளமோ சுண்ணாம்பு, புளியும் எலுமிச்சையும் அதனை அரித்து, மெருகு போக்கி, வெளிறச் செய்துவிடும். வியர்வையும் வாசனைத் தைலமும் அவ்வாறே. ஈரத் துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுவதே போதும். பவளத்தையும் வைரத்தையும் ஒரே முடிச்சில் போட்டு வைப்பது மற்றொரு தவறு. கடினத்தை அளக்கும் பத்துப் படிகளில் வைரம் பத்தாவது. பவளம் நான்கையும் எட்டாது. பெட்டி அசையும்போதெல்லாம் வைரம் பவளத்தைக் கீறிக்கொண்டிருக்கும். தனித்தனிப் பருத்தித் துணியில் முடிந்து வையுங்கள். மாலை கோத்த நூலையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றி, மணிக்கு மணி முடிச்சிட்டுக் கோத்தால், நூல் அறுந்தாலும் மணிகள் சிதறிப் போகா.

புதிய பவளம் இனி எளிதில் கிடைக்காது என்பதையும் சொல்ல வேண்டும். மரச்சிலுவையில் வலைகளைக் கட்டிக் கடலடியில் இழுத்துப் பவளத்தை வாரிய பழைய முறையை 1994-இல் ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்தது. இப்போது மூழ்குவோர் கையால்தான் எடுக்க வேண்டும். ஐம்பது மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் எடுக்கலாகாது. அடித்தண்டு ஏழு மில்லிமீட்டருக்குக் குறைந்த கிளையைத் தொடலாகாது. இத்தாலியின் டோரே டெல் கிரேக்கோ நகரத்துப் பட்டறைகளே பழைய பவளத்தையும் வாங்கி மறுபடி கடைகின்றன. பாட்டியார் விட்டுச்சென்ற மாலையைப் பொன்னின் ஓரத்தில் கிடக்கும் கழிவாக எண்ணுவது எவ்வளவு பேதைமை என்பது இதனால் விளங்கும்.

இத்தகைய நகை வீட்டிலிருந்தால், விற்கும் எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சில காரியங்களைச் செய்து வைத்தல் நலம். நகையின் இரு பக்கங்களையும் படமெடுத்து வையுங்கள். கற்களை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அடகு வைக்கும்போது துண்டுச் சீட்டில் 'கல் வைத்த தோடு' என்று மட்டும் எழுத விடாமல், எத்தனை கல், என்ன நிறம், பவளம் எத்தனை மணி என்பதையும் எழுதுமாறு கேளுங்கள். விற்பதாயின், கல்லையும் பவளத்தையும் கழற்றித் தனியே திருப்பித் தருமாறு முன்னதாகவே பேசிக்கொள்ளுங்கள். வைரத்தின் மதிப்பை அறிய அட்டனில் ஒருவரையும் கொழும்புச் செட்டியார் தெருவில் ஒருவரையும் கேட்டுப் பாருங்கள். இருவர் விலையும் ஒத்திராது. இயன்றால் இரத்தினக் கற்களைச் சோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் சான்று பெறுங்கள். வைரத்தின் எடையைக் காரட்டில் சொல்வார்கள். ஐந்து காரட் ஒரு கிராம். ஒரு காரட்டின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்.

இன்னும் ஒன்று. நகையை யார் செய்வித்தார், எந்த ஊரில், எந்தத் திருமணத்திற்கு, எத்தனை முறை அடகு போய் மீண்டது என்ற செய்திகள் வீட்டு முதியவருக்கே தெரியும். எந்த ஆய்வுகூடமும் அதைச் சொல்லாது. ஒரு கொப்பியை எடுத்து, அவர்களைக் கேட்டு, இந்த வாரமே எழுதி வைத்துவிடுங்கள்.